முதல் டோக்கன்

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தில், மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் நாலு ஹார்ட் டிஸ்க்குகள் குடியிருந்தார்கள். மூன்று பேர் பெருத்த உடம்புக்காரர்கள்: பெரியவன், நடுவன், இளையவன். நாலாவது ஆள் குட்டி. கரண்ட் வந்ததும் பெட்டியை எழுப்பிவிடுவது அவன் வேலை, அவ்வளவுதான்.

அச்சகத்தின் படங்கள் அத்தனையும் அந்த மூவரிடம்தான் இருந்தன, அதுவும் ஆளுக்குக் கொஞ்சமாக. ஒரு முருகன் படம் என்றால் முகம் பெரியவனிடம், வேல் நடுவனிடம், மயில் இளையவனிடம். மூவரும் சேர்ந்து நின்றால்தான் சாமி முழுசாகத் தெரியும். இப்படிச் சேர்த்துக் கட்டுவதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் ரெய்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சி அதைக் கேட்ட அன்றைக்கே, டிசைன் போடுகிற தங்கபுஷ்பத்திடம், "அந்த வார்த்தையை மட்டும் இந்த ஆபீஸ்ல பேசாதம்மா" என்று சொல்லிவிட்டார்.

மூவருக்கும் குட்டியைக் கண்டால் ஆகாது. அதிலும் பெரியவனுக்குச் சுத்தமாக ஆகாது. மாதாமாதம் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். திரும்பி வந்ததும் குட்டி தானாக எழுந்து பெட்டியை ஓட்ட ஆரம்பித்துவிடுவான். மூவரும் ஆளுக்கொரு பக்கம் சும்மா சுற்றிக்கொண்டு கிடப்பார்கள். தங்கபுஷ்பம் வந்து கட்டளை தட்டினால்தான் ஒன்றுசேர முடியும்.

பெட்டிக்குள் ஒரு வாசல்காரர் உண்டு. கரண்ட் வந்ததும் யார் முதலில் "வந்தேன்" என்று குரல் கொடுக்கிறார்களோ, அந்த வரிசையில் டோக்கன் கொடுப்பார். முதல் டோக்கன் எப்போதும் குட்டிக்குத்தான் போகும். அதைப் பார்க்கப் பார்க்கப் பெரியவனுக்கு வயிறு எரியும்.

"ஊர்ப்பட்ட சாமியைச் சுமக்கிறது நாம. முதல் டோக்கன் அந்தப் பொடிப்பயலுக்கா?" என்பான்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது நிறைமாதம். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அது காலண்டர் சீசன்.

"நீ இல்லாத நேரம் கரண்ட் போய் வந்தா இதை யாரு எழுப்புறது?" என்று கேட்டார் அண்ணாச்சி. "என் மச்சினன் மகன் சும்மாதான் இருக்கான். உன் நாற்காலில அவனை உக்கார வச்சிரவா?"

மச்சினன் மகன் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டான் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும்.

"வேண்டாம் அண்ணாச்சி. இதைத் தானா எழுந்திரிக்கிற மாதிரி பண்ணித் தர்றேன். பார்த்துட்டுச் சொல்லுங்க."

அன்றைக்கே உட்கார்ந்து குட்டிக்கு ஒரு கட்டளை எழுதிக் கொடுத்தாள். எழுந்ததும் இரண்டாம், மூன்றாம், நாலாம் டோக்கன்காரர்களைக் கூப்பிட்டு ஒன்றாக நிறுத்த வேண்டும். ஒருதரம் கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். மூவரும் ஒழுங்காகச் சேர்ந்து நின்றார்கள்.

"நாளைக்குக் கரண்ட் கட்டு இருக்கு. அதுலயும் தானா வந்துட்டா நீ நிம்மதியாப் போய்ட்டு வா," என்றார் அண்ணாச்சி.

பெட்டிக்குள் பெரியவன் கொதித்துப் போனான்.

"பார்த்தீங்களாடா, இனிமே நம்மளைக் கூப்பிடுறதும் அவன்தானாம். தங்கபுஷ்பம் கூப்பிட்டுப் போறதுல ஒரு மரியாதை இருந்துச்சு. இவன் கூப்பிட்டு நான் போகணுமா?"

"போகாம என்ன செய்யப் போறே?" என்று கேட்டான் இளையவன்.

"நாளைக்கு முதல் டோக்கன் எனக்கு. அம்புட்டுதான்."

மறுநாள் மத்தியானம் கரண்ட் திரும்பியது. பெரியவன் மூச்சைப் பிடித்துச் சுழன்று, குட்டி வாயைத் திறக்கும் முன்னால் "வந்தேன்" என்றான். வாசல்காரர் முகம் பார்க்கிற ஆள் இல்லை. முதல் டோக்கனைப் பெரியவனிடம் நீட்டினார். குட்டிக்கு இரண்டாவது கிடைத்தது.

குட்டி கட்டளையைப் படித்தான். "ரெண்டாம் டோக்கன் யாரு?" என்று கேட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தான்.

"நீதான். உன் பங்கு சாமியை எடு," என்றார் வாசல்காரர்.

"என்கிட்ட ஏது சாமி?"

"அப்ப ஒண்ணும் சேர்க்க முடியாது. எல்லாரும் ஓரமா நில்லுங்க."

"என்னை ஏன் கூப்பிடலை?" என்றான் பெரியவன்.

"முதல் டோக்கனைக் கூப்பிடச் சொல்லி எழுதலையேப்பா."

வெளியே திரை வெறுமையாக இருந்தது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டு, "பையனை நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

அது பெட்டிக்குள்ளும் கேட்டது. "தன் மூக்கை அறுத்துக்கிட்டு அடுத்தவனுக்குச் சகுனத்தடை பண்ணுன கதைதான்," என்றான் நடுவன். "உன் பொறாமையில அந்தப் பிள்ளை பிழைப்பு போகுது."

இத்தனை நாள் ஏங்கிய டோக்கன் பெரியவன் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

குட்டி மெதுவாகச் சொன்னான். "நீயே வச்சுக்கோ அண்ணே. நான் எழுந்திரிக்கிறதே உங்களை எழுப்பத்தான். எழுப்பினப்புறம் என்னை யாரு பார்க்கிறாங்க? உங்ககிட்ட இருக்கிற சாமியைத்தானே பார்க்கிறாங்க. எனக்கும் பொறாமையாத்தான் இருக்கும்."

பெரியவனுக்கு வெட்கமாகிவிட்டது.

வெளியே தங்கபுஷ்பம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இன்னும் ஒரே தடவை அண்ணாச்சி." யார் கையில் எந்த டோக்கன் என்று பார்த்தாள். நேற்று இரண்டாவதில் நின்றவன் இன்று முதலில் நின்றான்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். "ஆளைக் கூப்பிடாம இடத்தைக் கூப்பிட்டிருக்கேன்."

மூவரையும் முதன்முதலாகச் சேர்த்துக் கட்டிய அன்றைக்கு மூவர் நெற்றியிலும் ஒரே அடையாளம் விழுந்திருந்தது. டோக்கன் எண்களை அழித்துவிட்டு அந்த அடையாளத்தை எழுதினாள். யார் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் சரி, இந்த அடையாளக்காரர்கள் சேர்ந்து நிற்க வேண்டும் என்று குட்டியிடம் புதிதாக ஒப்படைத்தாள்.

"நீங்களே மெயினை அணைச்சுப் போடுங்க அண்ணாச்சி. நான் கையே வைக்கலை."

அண்ணாச்சி அணைத்துப் போட்டார். திரையில் முகமும் வேலும் மயிலுமாக முருகன் வந்து நின்றார். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. "நீ போய்ட்டு வா, அடுத்த கரண்ட் கட்டு வரைக்கும் பார்ப்போம். பையன் அதுவரை வீட்டிலயே இருக்கட்டும்," என்றார்.

அடுத்த மாதம் கரண்ட் போனது, வந்தது. அம்மா வீட்டில் மடியில் பிள்ளையோடு இருந்த தங்கபுஷ்பத்துக்குப் போன் வந்தது.

"யாரும் தொடலைம்மா, தானா வந்துட்டாரு முருகன். மச்சினன் மறுபடி கேட்டான். நாற்காலிக்கு ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்."

பெட்டிக்குள் இளையவன் சும்மா இருக்காமல் கேட்டான். "இன்னைக்கு முதல் டோக்கன் யாருக்குண்ணே?"

"பார்க்கலையே," என்றான் பெரியவன்.