குதிரையின் வலது கன்னம்

டைலர் சிங்காரம் அறுபத்தொன்றாம் வயதில் சீடரானார். அவருடைய குரு ராமாயிக்கு அப்போது முப்பத்தொன்பது.

அந்தியூரில் குதிரைகளுக்கு வேண்டிய தோல் சாமான்கள் செய்து கொடுப்பவர் ராமாயி. கடிவாளம், கன்னப்பட்டை, சவுக்கு எதுவானாலும் கடைசியில் அதில் ஒரு முடிச்சு ஏறும். பதனிடாத பச்சைத் தோலை மெல்லிய வாராக அறுத்து, நனைத்து, ஒரு மரக்குச்சியின்மேல் சுற்றிச் சுற்றிப் பின்னுவார். ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. காய்ந்ததும் அது எலும்புபோல இறுகிவிடும். குச்சியிலிருந்து கழற்றினால் மோதிரம் மாதிரி இருக்கும், பட்டையில் கோத்துவிடலாம். வார் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் குதிரைக்கு ஒரு பயனும் இல்லை. வெறும் அழகுக்குத்தான். ஆனால் அது இல்லாத கடிவாளத்தை அந்த ஊர்க் குதிரைச் சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள்.

நாற்பது வருடம் சட்டை தைத்த சிங்காரத்துக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போயிற்று. கடையை மூடினார். ஒருநாள் பை வார் அறுந்துவிட்டது என்று ராமாயியிடம் போனவர், வாரை மறந்து முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்.

"உங்களை எப்படிங்க கூப்பிடறது?" என்று கேட்டார்.

"நேத்து வரைக்கும் அம்மணின்னீங்க. இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"இன்னைக்கு நீங்க குருங்க."

"அப்ப குரு சொல்றதைக் கேளுங்க. அம்மணின்னே கூப்பிடுங்க."

முதல் இரண்டு மாதம் வார் அறுக்க மட்டுமே விட்டார் ராமாயி. மூன்றாம் மாதம் முடிச்சு. சிங்காரம் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார். ராமாயி ஒரு பார்வை பார்ப்பார்.

"பிரிங்க."

அவ்வளவுதான். காலையில் இரண்டு தடவை, மாலையில் மூன்று தடவை அந்தச் சொல் வரும். அந்த மாதம் முழுவதும் அவருக்குக் கிடைத்த உபதேசம் அது ஒன்றுதான்.

ஆடிச் சந்தை நெருங்கியது. இபுறாகீம் ராவுத்தர் தன் வெள்ளைக் குதிரை சீனிக்குப் புதுக் கடிவாளம் சொல்லியிருந்தார். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முடிச்சு வேண்டும்.

"இடது கன்னத்துக்கு நீங்க போட்டுப் பாருங்க டைலரே" என்றார் ராமாயி.

சிங்காரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். முடித்துப் பார்த்தால் அது ராமாயியின் முடிச்சு மாதிரி இல்லை. பாய் பின்னியதுபோல் வர வேண்டியது, சுற்றிலும் கம்பங்கதிர் மாதிரி கதிர் கதிராக ஓடியது. எங்கே தப்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. குருவிடம் நீட்டிவிட்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

ராமாயி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"காயட்டும்" என்றார்.

பிரிப்பதற்காக நீட்டிய கையைச் சிங்காரம் இழுத்துக்கொண்டார்.

சந்தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ராவுத்தர் வேலையைப் பார்க்க வந்தார். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அந்த முடிச்சை எடுத்தார்.

"ராமாயி, இது உன் கை இல்லையே. யாரு போட்டது?"

ராமாயி முகவாயால் காட்டினார். சிங்காரம் எழுந்து நின்றார். யார் தைத்தது என்று இதுவரை அவரிடம் கேட்டவர்கள் எல்லாம் அக்குள் பிடிக்கிறது, காலர் தூக்குகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள்தான்.

"கை தப்பிடுச்சுங்க. சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"அடப் பாவி மனுசா, சரி பண்ணிராதீங்க!" என்றார் ராவுத்தர். "எத்தனை சந்தை பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. வலது கன்னத்துக்கும் இதே மாதிரி இன்னொண்ணு போடுங்க. புதன்கிழமை காலையில வர்றேன்."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஜோடி அமையலேன்னா விட்டுருங்க. ரெண்டையும் ராமாயியே போடட்டும். கன்னத்துக்கு ஒரு தினுசா கட்டிக்கிட்டுப் போனா சீனியைப் பார்த்துச் சந்தையே சிரிக்கும்."

அன்று மாலை சிங்காரம் அந்த முடிச்சைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். "இது நீங்க போட்டதா?" என்று மனைவி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் சலிக்காமல் ஆமாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வந்து உட்கார்ந்தார். ஒன்று போட்டார். சரியாக வந்துவிட்டது. ஒரு மாதமாகத் தண்ணி காட்டிய சரியான முடிச்சு, அச்சில் வார்த்ததுபோல் வந்து நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் சரி. ஏழு முடிச்சு போட்டார். ஏழும் பிழையில்லாமல் வந்தன. கம்பங்கதிர் மட்டும் வரவில்லை.

ராமாயி வரிசையைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சந்தோசப்படுங்க டைலரே. முடிச்சுப் போடக் கத்துக்கிட்டீங்க."

"சிரிக்காதீங்க அம்மணி. எனக்கு அழுகையா வருது." அந்த ஒரே ஒரு கம்பங்கதிர் முடிச்சைக் கையில் கொடுத்தார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இதை நான் எப்படிப் போட்டேன்?"

ராமாயி வெகுநேரம் பார்த்தார். நகத்தால் வாரைத் தொடர்ந்து போய், பாதியில் விட்டுவிட்டார்.

"தெரியலைங்க."

"குருவுக்கே தெரியாதுங்களா?"

"இருபத்தஞ்சு வருசமா நானும் எத்தனையோ தப்புப் போட்டிருக்கேன். இந்தத் தப்பு எனக்கு வந்ததே இல்லீங்க."

முடிச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஒரு குண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து சிங்காரத்தின் முன்னால் வைத்தார்.

சிங்காரத்துக்கு அது எதற்கென்று புரிந்தது. பச்சைத் தோல் தண்ணீரில் ஊறினால் இளகும். இளகினால் பிரிக்கலாம். மிட்டாயை ஒளிக்கும் பிள்ளைபோல முடிச்சை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இதைப் பிரிக்கவா?"

"வேற எப்படித் தெரியும்?"

"பிரிச்சுட்டு, மறுபடி வரலேன்னா?"

ராமாயி குண்டாவை ஒரு சாண் அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சிங்காரம் சாப்பிடப் போகவில்லை. பயமாக இருந்தது. பிரிக்காவிட்டால் இந்த ஒன்றாவது மிஞ்சும். பீரோவில் வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்கெல்லாம் மனைவி எடுத்துக் காட்டுவாள். சாகும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். அது போதுமே என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு, சீனியின் கன்னத்தில் ஆட வேண்டியது பீரோவுக்குள் நாப்தலின் உருண்டையோடு கிடப்பதை நினைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் போட்டார்.

அது ஊறுகிறவரை குண்டாவை விட்டு நகரவில்லை. எடுத்து, துணியில் ஒற்றி, குத்தூசியின் முனையால் முதல் வாரைக் கிளப்பினார். போட்ட வழியே திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

"மேலே... கீழே... மேலே... கீழே..."

ராமாயி கத்தியை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

கடைசியாகப் போட்ட மூன்றாவது சுற்று முதலில் பிரிந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. அது இரண்டாவதன் வழியை ஒட்டியே போயிருந்தது. இரண்டாவது சுற்றும் பிரிந்தது. அது முதலாவதன் வழியை ஒட்டியே போயிருந்தது. கையில் முதல் சுற்று மட்டும் இருந்தது. அதன் பாதியில் சிங்காரத்தின் கை நின்றது.

அந்த இடத்தில் வார் அடுத்ததன் கீழே நுழையவில்லை. வந்த வழியே ஒரு பின்னல் பின்னால் போய், அப்புறம் இரண்டைத் தாண்டி முன்னால் போயிருந்தது.

"அம்மணி!"

"என்னங்க?"

"நான் தையல் போட்டிருக்கேன் அம்மணி!" சிங்காரம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "மிஷின்ல தையல் முடியற இடத்துல நாலு தையல் பின்னாடி ஓட்டிட்டு, திரும்ப முன்னாடி வருவோம். பிரிஞ்சுக்காம இருக்கோணும்னு. நாப்பது வருசமாப் பண்ணின கை. குச்சியில சுத்தும்போதும் அதையே பண்ணியிருக்குது! எனக்கே தெரியாம!"

"எங்கே, போட்டுக் காட்டுங்க."

சிங்காரம் அதே வாரை எடுத்தார். மேலே, கீழே, மேலே. அந்த இடம் வந்ததும் ஒரு பின்னல் பின்னால், இரண்டைத் தாண்டி முன்னால். இரண்டாவது சுற்று. மூன்றாவது. கம்பங்கதிர் வந்தது. புது வார் எடுத்தார். மறுபடி வந்தது. தன் விரல்களை அவரே முன்பின் தெரியாதவர்போல் பார்த்தார்.

ராமாயி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து ஒரு குச்சியும் வாரும் எடுத்தார். பார்த்துப் பார்த்துப் போட்டார். பின்னால் போகிற இடத்தில் வார் சிக்கிக்கொண்டது. சீடரிடம் நீட்டினார்.

சிங்காரம் ஒரு பார்வை பார்த்தார்.

"பிரிங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராமாயி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிரித்து மறுபடி போட்டார்.

ஆடிக் காற்றில் இரண்டு முடிச்சும் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டன. புதன்கிழமை காலையில் ராவுத்தர் சீனியோடு வந்தார். கடிவாளத்தை மாட்டினார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"இதுல முந்தி போட்டது எது?"

சிங்காரம் குனிந்து பார்த்தார். சொல்லத் தெரியவில்லை. சீனி தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. இரண்டு கன்னத்திலும் கதிர் ஆடியது. ராவுத்தர் அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குதிரையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

தெரு முனை திரும்பும்வரை சிங்காரம் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் நேற்றைய பயம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. உள்ளே வந்து குருவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்க. பிரிச்சதுக்கப்புறம் மறுபடி போட வராமப் போயிருந்தா?"

ராமாயி வாரின் விளிம்பைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்து, தூசியை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அது நீங்க போட்ட முடிச்சே இல்லீங்க டைலரே. உங்க கைக்கு விருந்தாளியா வந்துட்டுப் போயிருக்குது."