சூசையின் முதுகில் ஏறிய மூட்டை

“முதலில் நிழல்கூரையைப் பிரித்தார்கள். இரண்டாவது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடுங்கினார்கள். மூன்றாவது, ஐம்பது கிலோ உப்பு மூட்டையை எழுபத்தைந்து ஆக்கினார்கள். நான்காவது, எழுபத்தைந்தை நூறாக்கினார்கள். ஐந்தாவது, மூட்டை சுமந்த சூசையின் முதுகெலும்பை முறித்தார்கள். இப்போது ஆறாவதாக இந்தக் கடிதம்.”

சுமைதூக்குவோர் சங்கச் செயலாளர் தொம்மை, உப்பளக் கம்பெனியின் கடிதத்தை ரெஜினா டீச்சரின் மேசைமேல் வைத்தார்.

சங்கக் கொட்டகையில் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் டீச்சர். தொம்மையைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தொம்மை அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

“இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டிருக்கான். என்ன அர்த்தம் டீச்சர்?”

“ஓவர்பர்டன். தாங்குற அளவுக்கு மேல சுமையை ஏத்துறது.”

“உண்மையைத்தானே எழுதியிருக்கான்!”

“சூசை தனக்குத்தானே அப்படி ஏத்திக்கிட்டாராம். அதனால வைத்தியச் செலவு கம்பெனி பொறுப்பு இல்லையாம்.”

தொம்மை பல்லைக் கடித்தார்.

“நாளைக்கு விசாரணையில கிழிச்சிருவேன். நிர்வாகம்தான் ஏத்துச்சுன்னு எழுதிக் கொடுங்க.”

டீச்சர் எழுதவில்லை. விசாரணைக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் காட்டுவதற்காக வாசலில் கொண்டுவந்து போட்டிருந்த நூறு கிலோ மூட்டையைக் காட்டினார்.

“அதைத் தனியா முதுகுல ஏத்துங்கண்ணே.”

“எனக்கா சோதனை? முப்பது வருஷமாத் தூக்குறேன்.”

மூட்டை முழங்கால் வரை வந்தது. விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி விழுந்தது.

“செயலாளருக்கு வாயிலதான் நூறு கிலோ!” என்றாள் உப்பு அள்ளும் செல்லக்கனி. கொட்டகையே சிரித்தது.

“சிரிக்காதட்டீ. இதை எவனாலயும் தனியா ஏத்த முடியாது. சுமக்குறவன் குனிஞ்சு நிக்கணும். பக்கத்துக்கு ஒருத்தன் நின்னு தூக்கி வைக்கணும். அன்னைக்கும் அப்படித்தான்.”

“தூக்கி வெச்சது யாரு?” என்றார் டீச்சர்.

“நிர்வாகம்.”

“நிர்வாகத்துக்கு எத்தனை கை அண்ணே?”

யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு பக்கம் இசக்கி. அவனை மேஸ்திரி ஆக்கிட்டானுங்க. வாயைத் திறக்க மாட்டான்.”

“இன்னொரு பக்கம்?”

தொம்மை தரையைப் பார்த்தார்.

“சொன்னா வேலை போயிரும் டீச்சர்.”

“போகும்.”

டீச்சர் காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

தொம்மை முதல்முறையாக அவர் எதிரே உட்கார்ந்தார்.

மறுநாள் விசாரணை. அதிகாரி நடுவில். சாட்சிகளாகப் பதினேழு தொழிலாளர்கள் சுவரோரம்.

கம்பெனி வக்கீல் சொன்னார்: “காயம்பட்டவர் தானாகவே ஏற்றிக்கொண்டார். வேறு யாராவது ஏற்றியிருந்தால், பெயரைச் சொல்லட்டும்.”

தொம்மை எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார். கம்பெனி வாசலில் சங்கக் கூட்டங்களில் முழங்கும் அதே குரலில் வாசித்தார்:

“வேண்டாம் என்றான் சூசை. ஏற்று என்றார் மானேஜர். வலப்பக்கம் நின்று, அந்த நூறு கிலோவைச் சூசையின் முதுகில் தூக்கி வைத்தவன், மிக்கேல் மகன் தொம்மை.”