பக்கம் மாறிய காட்டெருமை

கீரி இரை தேடிவிட்டுத் திரும்பியபோது வளையைக் காணவில்லை. ஆற்றங்கரை மருதமரம் காற்றில் முறிந்து, அதன் அடிமரம் வளையின் வாயை அடைத்துக் கிடந்தது. உள்ளே குட்டிகள். ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

“ஓடி வாருங்கள்! என் குட்டிகள் உள்ளே!” என்று கீரி கத்தியது.

யானை வந்தது. காட்டெருமையும் வந்தது. யானை கரைப்பக்கம் நின்று நெற்றியை மரத்தில் வைத்தது. காட்டெருமை ஆற்றுப்பக்கம் போய், யானையைப் பார்த்தபடி கொம்புகளை ஊன்றியது. காட்டெருமைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலசாலிக்கு எதிரேதான் நிற்கும், முதுகு காட்டாது.

இரண்டும் தள்ளின. மரம் முனகியது. நகரவில்லை.

“என்னப்பா, காலையில் மேயவில்லையா? நன்றாகத் தள்ளு!” என்றது யானை.

“நீ முதலில் தள்ளு! காதை ஆட்டிக்கொண்டு நிற்காதே!” என்றது காட்டெருமை.

இன்னும் பலமாகத் தள்ளின. பட்டை உரிந்தது. கால்கள் சேற்றில் புதைந்தன. மரம் அதே இடத்தில்!

கீரி மரத்தின்மேல் தாவி ஏறியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

“நிறுத்துங்கள்! ஒருவர் பலத்தை இன்னொருவர் தின்றுவிடுகிறீர்கள்! எருமையண்ணா, நீ யானைப் பக்கம் வா!”

“யானைக்கு முதுகு காட்டவா? எங்கள் மந்தையில் யாரும் காட்டியதில்லை!”

“முதுகை யார் கேட்டது? தோளோடு தோளாக நில். பக்கத்தில் நிற்பவனுக்கு உன் முதுகு எப்படித் தெரியும்?”

காட்டெருமை யோசித்தது. வளைக்குள் ஒரு குட்டி தும்மியது. தண்ணீர் உள்ளே போய்விட்டது!

கீரி மரத்திலிருந்து கீழே குதித்தது. காட்டெருமை கொம்புகளை எடுத்தது. யானையிடமிருந்து கண்ணை எடுக்காமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தது. அது விலகியதுமே, யானையின் தள்ளலில் மரம் மெல்ல ஆற்றுப்பக்கம் உருளத் தொடங்கியது.

“அட! நான் விட்டதும் நகர்கிறதே!”

“பேசாதே, வந்து தலையைக் கொடு!” என்றது யானை.

காட்டெருமை ஓடிவந்து முட்டியது. இப்போது இரண்டு பலமும் ஒரே பக்கம்! மெல்ல உருண்ட மரம் வேகம் பிடித்தது. இன்னும் வேகம்! தடதடவென்று ஓடி ஆற்றில் விழுந்தது. தள்ளிய இரண்டும் சேற்றில் குப்புற விழுந்தன.

குட்டிகள் நனைந்த வாலோடு வெளியே வந்தன. கீரி ஒவ்வொன்றாக நக்கியது.

“அம்மா,” என்றது கடைக்குட்டி, சேறு அப்பிய இரண்டு முகங்களையும் பார்த்து, “இதில் எது எருமை?”

எதிரெதிரே நின்று தள்ளினால் எவ்வளவு பெரிய பலமும் நின்ற இடத்திலேயே வீணாகும். ஒரே பக்கம் சேர்ந்தால்தான் அது வேகத்தைத் தரும்.