இலை எடுக்கப் போன மிஷின்

சென்னியப்பன் புளுகுவது சரவணம்பட்டிப் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, வில்லாக் குடியிருப்பின் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து அவன் அவிழ்த்துவிட்ட புளுகு பொழுதுபோக்குக்குச் சொன்னதல்ல. வேறு வழி தெரியாமல் சொன்னது.

பதினோரு வருடமாகப் பெரிய வீடுகளின் புல்வெளியைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் எடுக்கிறான். புல் வெட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் அவன் கை வேலை. உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுவது மயிலாத்தாவும் அவளோடு வருகிற நான்கு பெண்களும். போன மாதம்தான் இலை உறிஞ்சுகிற மிஷின் ஒன்று வாங்கினான். குட்டியானைச் சரக்கு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போவது. மேலே ஒரு எஞ்சின், உள்ளே ஒரு விசிறி, பக்கத்தில் ஆள் தொடைப் பருமனுக்கு ஒரு குழாய், பின்னால் பெரிய பெட்டி. குழாயைக் காட்டினால் காய்ந்த இலை உள்ளே போய், விசிறியில் தூளாகி, பெட்டியில் விழும். பெண்கள் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சென்னியப்பன், "நாளைக்கு நீங்க யாரும் வர வேண்டாங்க, மிஷினே பாத்துக்கும்" என்றபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விளக்குமாற்றைத் தொடும் முன்பே மயிலாத்தா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவிநாசி ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு கான்ட்ராக்டர் ஐந்து பேரையும் கூப்பிடுகிறார். வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்க வேன் விடுகிறாராம். பத்தரை மணி டீ முடிவதற்குள் போன் பண்ணுவார், வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ரோஜாப் பாத்திக்குள் விழுந்த இலையைப் பூ உதிராமல் எடுக்க அந்த ஐந்து பேரை விட்டால் சென்னியப்பனுக்கு ஆள் கிடையாது. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தைதான் அவன் வாயில் வராது, பழக்கமில்லை. பழக்கமான சரக்கைத்தான் அவனால் எடுக்க முடிந்தது.

"போறது போறீங்க, நேத்து என்ன நடந்துச்சுன்னாவது கேட்டுட்டுப் போங்க" என்று பெயிண்டு பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை ஒரு போன் வந்துதுங்க. காளப்பட்டிக்கிட்ட ஒரு பெரிய புல்வெளியில கல்யாணம். பொண்ணோட அப்பா பேசறாரு. 'எலை எடுக்க ஆளு வேணும், உங்ககிட்ட அஞ்சு பேரு இருக்கறாங்களாமா'ன்னாரு. அஞ்சு பேரு எதுக்குங்க, என்ற மிஷினு அம்பது பேருக்குச் சமம், நான் ஒருத்தனே வர்றேன்னுட்டேன்."

"என்ன எலைன்னு கேட்டீங்களா?" என்றாள் மயிலாத்தா.

"புல்வெளி, சுத்திலும் பாதாம் மரம். வேற என்ன எலைங்க அக்கா இருக்கப் போகுது?"

ஐவரில் இளையவளான துளசிமணிக்கு டீ புரையேறியது. அவள் தலையைத் தட்டிவிட்டபடி மயிலாத்தா, மேலே சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"போய்ப் பாத்தா மரத்தடியில ஒரு எலை கிடையாது. பந்தியில கிடக்குது வாழையெலை, நானூறு. நான் பூட்சு, கையுறை, கண்ணாடி, காதுல அடைப்பான் எல்லாம் மாட்டிட்டு, குழாயைத் தோள்ல போட்டுட்டு நிக்கறேன். சமையக்காரரு என்னையப் பாத்துட்டு, 'கேஸ் கம்பெனிங்களா, சிலிண்டரு பின்னால இருக்குது'ங்கறாரு. அப்பவே திரும்பியிருக்கணுங்க. புத்தி இருக்கறவன் திரும்பியிருப்பான். எனக்குத்தான் மிஷினு இருந்துச்சே."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். சென்னியப்பனுக்குத் தெம்பு வந்தது. பக்கெட்டை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மொதப் பந்தி எந்திரிச்சுது. ஸ்டார்ட் பண்ணி ஒரே இழுப்பு. நூறு எலையும் காலி. எலை மட்டும் போச்சுங்க, எலையில வச்ச உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம் எல்லாம் வச்ச எடத்துலயே டேபிள் மேல நிக்குது. அடியில புது எலையைச் சொருகினா அடுத்த பந்தி ரெடி."

"எச்சிலுங்க" என்றாள் துளசிமணி.

"அதனாலதான் சொருகல, அம்மிணி. அந்த அளவுக்கு எனக்கும் நாகரிகம் தெரியும்."

"கல்யாணம்னீங்க, தாலி எப்பக் கட்டினாங்க?" இது மயிலாத்தா.

"இன்னும் கட்டலீங்க. முகூர்த்தம் பதினொண்ணுல இருந்து பன்னெண்டு. வந்த ஒறம்பரை சனமெல்லாம் தாலியை மேடையிலயா பாக்கறாங்க? பந்தியில உக்காந்துட்டுத் தவில் சத்தத்தைக் கேட்டுக்கறாங்க. சரி, ரெண்டாவது பந்தி. மொதப் பந்தியில மானம் காப்பாத்தினது பத்தாதுன்னு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதுதான் தப்பாப் போச்சு. மூடின எலை, மூடாத எலைன்னு மிஷினுக்கு என்ன தெரியும்?"

"மிஷினுக்குத் தெரியாது" என்றாள் மயிலாத்தா. "உங்களுக்குத் தெரியுமல்ல?"

சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கமாக மடித்து மூடுவார். மூடாத இலையில் கை வைப்பது உட்கார்ந்திருப்பவரை எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். சென்னியப்பனுக்கும் அது தெரியும். அவள் கேட்டவிதத்தில் அவனுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலை உயர்த்தினான்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தரு. நல்ல உடம்பு. ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு வாய்க்கிட்டக் கொண்டு போறாரு, எலை நகருது. ஒரு கையில எலையைப் புடிச்சாரு. மிஷினு விடல, அவரும் விடல. கடைசியில எலையும் அவரும் சேந்தே உள்ள போயிட்டாங்க."

"விசிறியில சிக்கித் தூளாயிருப்பாரே" என்றாள் ஒருத்தி.

"தாய்மாமன் முறைங்க. விசிறி நின்னு வழி விட்டுச்சு."

இப்போது நான்கு பேர் சிரித்தார்கள். மயிலாத்தா மட்டும் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் அவளுக்காகவே மேலும் ஒரு படி ஏறினான்.

"அதோட மிஷினுக்கு ருசி கண்டு போச்சு. சாம்பார் வாளியில இருந்து சாம்பார் நூலாட்டம் எந்திரிச்சு வருது. தவில்காரரு வாசிக்கறாரு, கை ஆடுது, சத்தம் மட்டும் குழாய்க்குள்ள போகுது. ஐயரு கைக்கடியாரத்தைப் பாக்கறாரு, பதினொண்ணு. 'கெட்டி மேளம்'னு சொல்லிட்டு மறுபடியும் பாக்கறாரு, பன்னெண்டு. நடுவுல இருந்த முகூர்த்தம், சுளையா ஒரு மணி நேரம், பெட்டிக்குள்ள போயிருச்சு."

"நேரம் எப்படிங்க உள்ள போகும்?" என்றாள் துளசிமணி.

"நானும் அதைத்தான் கேட்டேன். பொண்ணோட அப்பா என்ற சட்டையைப் புடிச்சிட்டு, 'எப்படிப் போச்சோ தெரியாது, எடுத்துக் குடு'ங்கறாரு. நியாயந்தானுங்க? வேற வழியில்லாம நானே குழாய்க்குள்ள தலையை விட்டேன். அடுத்த நிமிசம் பெட்டிக்குள்ள கிடக்கறேன். இருட்டு, வாழையெலை வாசம், தவில் சத்தம். மூலையில தாய்மாமன் சம்மணம் போட்டு உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டுட்டு இருக்கறாரு. என்னையப் பாத்ததும் 'மோரு எங்கப்பா'ங்கறாரு. மனுசன் ஒரு வார்த்தை திட்டல. நேத்துப் பூரா என்னைய மரியாதையாப் பேசின ஒரே ஆளு அவருதான்."

"நீங்க உள்ள இருந்தா, குழாயை வெளிய யாரு புடிச்சா?" மயிலாத்தா டம்ளரில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அதுதானுங்க அக்கா வினை. புடிக்க ஆளில்லாத குழாய் நாலு பக்கமும் சுத்துது. சாமியானா போச்சு, சேர் போச்சு, பக்கத்துக் காலனியில காயப் போட்ட துணி போச்சு, நீலகிரிப் பக்கமிருந்து வந்த மேகம் ஒண்ணும் போச்சு. பெட்டிக்குள்ள எனக்குக் கழுத்து வரைக்கும் மழை. நான் தடவித் தடவி ஒரு கம்பியைப் புடிச்சு ரிவர்ஸ் போட்டேன்."

"நம்ம மிஷினுல ரிவர்ஸ் இல்லீங்களே" என்றாள் மயிலாத்தா.

"நேத்து இருந்துதுங்க. போட்டதும் பாருங்க, போனதெல்லாம் திரும்பி வருது. சாமியானா வந்துது, சத்தம் வந்துது, முகூர்த்தம் ஒரு நிமிசம் குறையாம வந்துது, தாய்மாமன் எலையோட வந்து அதே சேருல உக்காந்தாரு. ஆனா என்ன சனியனோ, அந்த நேரம் பாத்து மாப்பிள்ளை குழாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டாரு. காத்து அடிச்ச வேகத்துல பட்டு வேட்டியோட போய்த் தென்னை மரத்து உச்சியில உக்காந்துட்டாரு. எறங்கத் தெரியல. நேரமோ ஓடுது. பொண்ணு அண்ணாந்து பாத்துட்டு, 'இப்பவே இப்படிப் பறக்கறாரே'ங்குது. கடைசியில ஐயருதான் வழி சொன்னாரு. தாம்பூலப் பையில இருந்த மஞ்சக் கயித்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணாக் கட்டித் தாலியை மேல அனுப்பினாங்க. மாப்பிள்ளை மொத முடிச்சை மேலயே போட்டு எறக்கினாரு, மிச்ச ரெண்டு முடிச்சை நாத்தனாரு கீழ நின்னு போட்டுச்சு. வந்த சனமெல்லாம் அட்சதையை மேல வீசுது. வீசின அட்சதையில பாதி இன்னும் மரத்துலதான் இருக்குது. சந்தேகம்னா போய்ப் பாருங்க."

சொல்லி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டான். துளசிமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரித்துச் சிரித்து. மற்ற மூன்று பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்திருந்தார்கள். ஆக, காரியம் பலித்தது என்று சென்னியப்பன் நினைத்தான்.

மயிலாத்தா காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ற அண்ணன் மருமக அந்தக் கல்யாணத்துல ரெண்டாவது பந்தியில உக்காந்திருந்தா" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சென்னியப்பனுக்குக் காது சூடானது.

"உங்க மிஷினு ஒரே ஒரு எலையை எடுத்துச்சாமா. ஈர வாழையெலை விசிறியில போய்ச் சுத்திக்கிட்டு, பொகை வந்து நின்னு போச்சாமா. அதுக்கப்புறம் நீங்க கையுறையைக் கழட்டிட்டு, பேண்டை முட்டி வரைக்கும் மடிச்சு விட்டுட்டு, நாலு பந்திக்கும் தனியா, கையில எலை எடுத்தீங்களாமா. அவசரத்துல தாய்மாமன் மூடாத எலையை எடுத்துட்டீங்க. அவரு பந்தியில எந்திரிச்சு நின்னு, பொண்ணு வீட்டுல சோறு பத்தலையான்னு சத்தம் போட்டாரு. நீங்க அத்தனை பேரு முன்னாலயும் கையெடுத்துக் கும்பிட்டீங்க. இவ்வளவுதானுங்க நடந்தது. மாப்பிள்ளை மேடையிலதான் இருந்தாராமா."

பொய்யன் என்று சென்னியப்பனை நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் அவன் அசந்ததில்லை. நடந்ததை அப்படியே ஒருத்தர் எடுத்துச் சொன்னால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகு இன்னும் வலித்தது. நானூறு இலைக்குக் குனிந்த முதுகு.

"அஞ்சு பேரு வேணும்னு கேட்டாங்கன்னீங்களே, அது ஒண்ணுதான் நெசம்" என்றாள் மயிலாத்தா. "புல்வெளியில கல்யாணம், எலை எடுக்க ஆளுன்னா எந்த எலைன்னு எங்களைக் கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போம்."

துளசிமணியின் போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்துவிட்டு மயிலாத்தாவைப் பார்த்தாள். வேன் விடுகிற அந்தக் கான்ட்ராக்டர்.

"போயிராதீங்க அக்கா" என்றான் சென்னியப்பன்.

குரல் அவனுடையது மாதிரியே இல்லை. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"மிஷினு வாங்கினதும் தலைகால் புரியாமப் போச்சுங்க. வர வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாது. நேத்து ஒவ்வொரு எலைக்கும் குனியறப்ப உங்க அஞ்சு பேரையுந்தான் நெனச்சேன். பதினோரு வருசமா நீங்க குனியறதை நின்னு பாத்துட்டே இருந்திருக்கறேன். நீங்க இல்லாம எனக்கு முடியாதுங்க."

மயிலாத்தா மற்ற நான்கு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருத்தி லேசாகத் தலையாட்டினாள். மயிலாத்தா துளசிமணியின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வேன் வேண்டாங்க. இங்க வேலை இருக்குது" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு எழுந்து சேலையைச் சொருகிக்கொண்டாள். "தும்பிக்கை ரோட்டோரமா ஓடட்டும். பாத்திக்குள்ள அது வரக் கூடாது. வர வேண்டாம்னு இனிச் சொன்னா, எங்களைக் கேக்காமச் சொல்லக் கூடாது."

"சரிங்க அக்கா."

அவள் விளக்குமாற்றை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிக் குச்சியைச் சரிபண்ணினாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு, பாவம் அந்த மாப்பிள்ளையை எதுக்குங்க தம்பி தென்னை மரத்துல ஏத்துனீங்க?"