கைடில் இல்லாத அம்மா

துறைமுக நகரம் ஒன்றில், பிளஸ் டூ தேறாதவர்களுக்கென்று ஒரு டுடோரியல் இருந்தது. அங்கே காசிம் ஆங்கிலம் நடத்தினார். முப்பது வயது ஆகாதவர். அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவள் அமலோற்பவம். அவள் நாற்பதைத் தாண்டியவள்.

அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை அக்கா என்றார். பையன்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் இல்லை.

அமலோற்பவம் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பாள், கால் கழுவிவிடுவாள், தூங்க வைப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு தேறினால் அங்கேயே டீச்சர் ஆகலாம். மற்ற பாடங்களில் ஒவ்வொன்றாகத் தேறிவிட்டாள். ஆங்கிலம் மட்டும் நகரவில்லை. இந்த முறையும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அவளைக் கவிழ்த்தது கட்டுரை. கைடில் இருந்த 'என் அம்மா'வை ஒரு கமா பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள். பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைக்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பாள். சென்ற பரீட்சையில் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பக்கத்தை நிரப்பினால் பாதியாவது போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினாள். 'தண்ணீர்' என்று தலைப்பிட்டு, அழகாக அடிக்கோடு போட்டு, அதன் கீழே அம்மாவை எழுதிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் வகுப்பில் அவள் கேட்டாள்.

"இந்த வருஷம் எந்தக் கட்டுரை வரும் சார்?"

"தெரியாதுக்கா."

மற்ற டுடோரியல்களில் எல்லாம் சொல்லிவிடுகிறார்கள் என்று அவள் குறைப்பட்டாள். காசிம் அதை மறுக்கவில்லை. தெரிந்த கட்டுரையைச் சொல்லச் சொன்னார்.

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் பெயர் லட்சுமி. பள்ளி ஆசிரியை. விடியுமுன் எழுந்து ரோஜாச் செடிகளுக்கு நீர் விடுவாள். மாலையில் வீணை வாசிப்பாள். எங்கள் இல்லத்தின் விளக்கு அவள். ஆங்கிலம் தண்டவாளத்தில் போவதுபோல் போய் நின்றது. பையன்கள் கைதட்டினார்கள்.

"லட்சுமி அம்மா என்ன குழம்பு நல்லா வைப்பாங்க?" என்றார் காசிம்.

அமலோற்பவம் விழித்தாள். "அது கைடுல இல்ல சார்."

"இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒரு நேரம்கூட சோறு போடலையாக்கா?" என்றான் கடைசி பெஞ்சில் இருந்த ராயப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

காசிம் அவளுடைய சொந்த அம்மாவைப் பற்றி விசாரித்தார். பெயர் சூசையம்மாள். உப்பளத்தில் உப்பு வாரினாள். இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

"அவங்கள எழுதலாமே."

"எங்கம்மாவ எப்படி சார் எழுத? கைடுல இல்லாதத எழுதுனா மார்க் போடுவாங்களா?"



மறுநாள் காசிம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்தார். தலைப்பு, என் அம்மா. எல்லோரும் எழுதி முடித்ததும் தாள்களை வாங்கி அமலோற்பவத்தின் முன்னால் வைத்தார். மேலே சிவப்புப் பேனாவை வைத்தார்.

"இன்னைக்கு நீங்க திருத்துங்கக்கா."

அவள் பயந்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். முதல் தாளை வரி வரியாகப் படித்தாள். லட்சுமி. அடுத்ததும் லட்சுமி. அதற்கடுத்ததும் விடியுமுன் எழுந்து ரோஜாவுக்கு நீர் விட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கை வேகமாகப் போயிற்று. மேலே ஒரு டிக், கீழே ஒரு டிக், எண், அடுத்த தாள்.

"படிக்காமலே டிக் போடுதீங்க."

"எல்லாம் ஒண்ணுதானே சார்" என்றாள் நிமிராமல்.

பிறகு ஒரு தாளில் பேனா நின்றது.

அது ராயப்பனுடையது. அவன் கைடை நெட்டுருப் போடவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வரிக்கு இரண்டு பிழையோடு, நாலே வரி எழுதியிருந்தான். அம்மா நேற்று என்னைத் திட்டினாள். நான் சாப்பிடாமல் படுத்தேன். காலையில் அவள் பேசவில்லை. தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் ஒரு முட்டை இருந்தது.

அமலோற்பவம் அதை முதலிலிருந்து திரும்பப் படித்தாள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். ராயப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எவ்வளவு போடப் போறீங்க?" என்றார் காசிம்.

"ஒரே தப்பா கிடக்கு சார்."

"ஆமா."

அவள் எண் போடவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் சூசையம்மாளை எழுதப் பார்த்தாள். இரண்டு வரியில் அம்மா முடிந்துபோனாள். பெயர், உப்பளம். லட்சுமியிடம் ரோஜாவும் வீணையும் இருந்தன. சூசையம்மாளிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லி அவள் வருத்தப்பட்டாள்.

"தப்பில்லாம எழுத நான் சொல்லித் தாரேன்க்கா. எத எழுதணும்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாவ நான் பார்த்ததில்ல."

அவர் சொன்னபடியே சொல்லித் தந்தார். சின்ன வாக்கியங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு காரியம். அவள் மரத்தைப் பற்றி எழுதினாள், மழையைப் பற்றி எழுதினாள், அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதினாள். அம்மாவிடம் மட்டும் போக முடியவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். கட்டுரையில் அம்மா வந்தால் யாரை எழுதட்டும்?

"லட்சுமிய எழுதுனா மார்க் நிச்சயம்" என்றார் காசிம்.

"எங்கம்மாவ எழுதுனா?"

"சொல்ல முடியாதுக்கா."

அவர் பொய் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூட கேட் திறந்தபோது காசிம் எதிர்ச்சாரியில் வேப்பமர நிழலில் நின்றார். பையன்கள் கேள்வித்தாளை மடக்கி விசிறிக்கொண்டு வந்தார்கள். நினைவில் நிற்கும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். லட்சுமிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வராது. இந்த வருஷம் அமலி அக்கா பாஸ் என்று அவர்கள் முடிவே செய்துவிட்டார்கள்.

அவள் கடைசியாக வந்தாள். விரல்களில் மை. கண்கள் சிவந்திருந்தன.

லட்சுமியைத்தான் முதலில் தொடங்கினாள். ரோஜாச் செடிவரை எழுதிவிட்டாள். பிறகு என்னவோ ஆயிற்று. எழுதியதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே சூசையம்மாள் என்று எழுதினாள். அதற்குள் நேரம் பாதி போயிருந்தது.

"என்ன எழுதுனீங்க?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "உப்பளத்துல வெயில்ல உப்பப் பார்த்துப் பார்த்து எங்கம்மாவுக்குக் கண்ணு கெட்டுப் போச்சு சார். வெள்ளையா எதப் பார்த்தாலும் கூசும், தண்ணியா வடியும். வீட்டுல வெள்ளைத் துணியே கிடையாது. நான் சின்னப்பிள்ளைல, மாதா கோயில்ல மொத தடவையா அப்பம் வாங்குத புதுநன்மை அன்னைக்கு எனக்கு வெள்ளைக் கவுன் வேணும்லா. அத எங்கம்மாதான் எடுத்துட்டு வந்தாங்க. அத எழுதுனேன். அது அங்க உக்காந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம்?"

"'அன்று முழுவதும் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.' அவ்வளவுதான். மணி அடிச்சிட்டாங்க. தாளப் பிடுங்கிட்டாங்க."

ராயப்பன் கேள்வித்தாளை மெதுவாகப் பிரித்து மறுபடி மடித்தான்.

அமலோற்பவம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. முடிவுரைக்குத் தனியாக மதிப்பெண் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இதில் ஒன்றிரண்டு குறைந்தாலும் அவளுக்கு அங்கன்வாடி நாற்காலி இல்லை.

"முடிவுரை எழுதல சார். மார்க் குறைப்பாங்களா?"

"குறைப்பாங்கக்கா."

"நீங்க திருத்துனா?"

காசிம் அவள் விரல்களில் இருந்த மையைப் பார்த்தார்.

"அந்த வரிக்குக் கீழ நீங்க ஏதாவது எழுதியிருந்தா," என்றார், "அத அடிச்சிருப்பேன்."