பந்தியில ஒரு படைத்தலைவர்

மருதம் பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டாரு.

கை கழுவல. இலையை மடிக்கல. சோத்துக் கையோடயே வாசலைத் தாண்டி, பஸ் ரோட்டுப் பக்கமா நடந்து போயிட்டாரு.

அதுவரைக்கும் சிரிச்சு உருண்டுட்டிருந்த பந்தி கப்சிப்னு ஆயிடுச்சு.

"என்னாச்சு இவனுக்கு?"ன்னு கேட்டாரு புன்னை. வாயில அப்பளம்.



மலையடிவாரத்துல சின்ன ஆசிரமம் அது. அங்க சட்டம்னு இருந்ததே ரெண்டுதான். வர்றவங்க வாசல்ல இருக்கற கல்தொட்டியில கால் கழுவணும். பழைய பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாத்தையும் அந்தத் தண்ணியிலயே விட்டுடணும். உள்ள வந்ததும் குரு ஒரு மரத்தோட பேரை வைப்பாங்க. புன்னை, தேக்கு, நாவல், மருதம்னு. அதுக்கப்புறம் நீ யாரு, எங்கேர்ந்து வந்தேன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. இது ஒண்ணு. பந்தியில கடைசி ஆள் இலையை மடிக்கற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. இது இன்னொண்ணு.

குருவுக்கு நாப்பது வயசுகூட இருக்காது. ஆனா அம்பதைத் தாண்டின புன்னையும் அவங்களை அம்மான்னுதான் கூப்பிடுவாரு.

புன்னைக்கு ராஜா கதைன்னா உசுரு. எந்த ராஜா எந்த ஆத்தைத் தாண்டி எந்தக் கோட்டையைப் புடிச்சாருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. அன்னிக்கு மத்தியானம் கீரைக் குழம்பு ஊத்தும்போதே ஆரம்பிச்சுட்டாரு.

"நான் மட்டும் ஆயிரம் வருஷம் முன்னாடி பொறந்திருக்கணும்யா. படைத்தலைவர்! யானை மேல ஏறி உக்காந்தேன்னா..."

"யானை பாவம்ண்ணே"ன்னாரு தேக்கு.

பந்தியே சிரிச்சுது.

"உனக்குப் பொறாமை. நீ கப்பல்காரன். கடல் தாண்டிப் போயி மிளகு வித்துட்டு வந்திருப்ப. நாவலக்கா, நீங்க அரசவைப் புலவர்."

"பரிசு யாரு குடுப்பா? நீங்களா?"

"ராஜா குடுப்பாருக்கா."

"அப்பச் சரி. உங்களை நம்பியெல்லாம் நான் பாட மாட்டேன்."

"படைத்தலைவரே, மீசையில ரசம்!"ன்னாரு தேக்கு.

மறுபடியும் சிரிப்பு. வேற காலத்துல பொறந்திருந்தா என்ன வேலை பாத்திருப்போம்? யாருதான் ஆடாத விளையாட்டு! நீங்களும் ஆடியிருப்பீங்கதானே?

அப்புறம்தான் புன்னை மருதம் பக்கம் திரும்பினாரு. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். புன்னைக்கு முட்டி வலி வந்தா எண்ணெயைச் சூடு பண்ணித் தேச்சு விடறது மருதம்தான்.

"சொல்லு மருதம், நீ என்ன வேலை பாத்திருப்ப?"

"தெரியலண்ணே."

"அட, சும்மா சொல்லுய்யா."

"விடுங்கண்ணே. சோறு ஆறுது."

"வெக்கப்படறான் பாரு! சரி, நானே கண்டுபிடிக்கறேன். உங்க ஆளுங்க பரம்பரையா என்ன பண்ணிட்டிருந்தாங்க? அதை மட்டும் சொல்லு, டக்குனு சொல்லிடறேன்."

மருதத்தோட கை இலையிலயே நின்னுடுச்சு.

அப்பதான் எந்திரிச்சாரு.

பந்தியோட கோடியில உக்காந்திருந்த குரு எட்டிப் பாத்தாங்க.

"இலையை மடிச்சாரா?"

"இல்லம்மா"ன்னாங்க நாவலக்கா.

"அப்பப் பந்தி முடியல."

குரு கையை இலையிலயே வச்சுட்டு உக்காந்துட்டாங்க. மத்தவங்களும் உக்காந்துட்டாங்க. கையில சோறு காய ஆரம்பிச்சுது.

புன்னையால தாங்க முடியல. "அம்மா, இது வெறும் விளையாட்டும்மா. நான் மட்டுமா? எல்லாரும்தானே சிரிச்சாங்க?"

"ஆமா. அதான் எல்லாரும் உக்காந்திருக்கோம்."

"நான் தப்பா ஒண்ணுமே கேக்கலியேம்மா."

"வந்த அன்னிக்குத் தொட்டியில கால் கழுவினீங்களே. எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

"எவ்வளவு நேரமா? ரெண்டு சொம்பு ஊத்தினேன். வந்துட்டேன்."

"மருதம் தோல் சிவந்து போற வரைக்கும் தேச்சாரு. போதும் வாங்கன்னு நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

புன்னைக்கு என்னமோ சுரீர்னுச்சு. என்னன்னு முழுசாப் புரியல. ஆனா உக்கார முடியல.

"நான் போயி அவனைக் கூட்டிட்டு வந்துடறேன்மா. எந்திரிக்கலாமா?"

"போங்க."

முட்டி வலியோட, ஓட்டமும் நடையுமா போனாரு. பஸ் ஸ்டாப் கூரைக்குக் கீழ மருதம் நின்னுட்டிருந்தாரு. விரல்ல சோத்துப் பருக்கை அப்படியே காஞ்சு ஒட்டியிருந்துச்சு.

"டேய், என்னடா இது? பந்தியே உக்காந்திருக்கு. வா போலாம்."

"நீங்க போங்கண்ணே."

"நான் என்ன உன்கிட்ட சாதியாடா கேட்டேன்?"

மருதம் சிரிச்சாரு. அப்படி ஒரு சிரிப்பைப் புன்னை அவர்கிட்ட பாத்ததே இல்ல.

"யாருண்ணே நேராக் கேட்டிருக்காங்க? வேலை பாத்த எடத்துல எல்லாம் குலசாமி எதுன்னு கேப்பாங்க. வாடகைக்கு வீடு கேட்டா, வீட்ல என்ன கறி எடுப்பீங்கன்னு கேப்பாங்க. கல்யாண வீட்ல, உங்க ஊர்ல நீங்க எந்தத் தெருன்னு கேப்பாங்க. ராஜா காலத்து வழியா சுத்தி வந்தது நீங்க ஒருத்தர்தான். புதுசா இருந்துச்சு."

"சத்தியமா நான் அதை நெனச்சுக் கேக்கலடா."

"தெரியும்ண்ணே. நெனச்சுக் கேக்கறவங்களுக்கு நான் பதில் வச்சிருக்கேன். நெனைக்காமக் கேக்கறவங்களுக்குத்தான் இன்னும் ஒண்ணும் அகப்படல."

புன்னை இன்னும் கிட்ட போனாரு. எதையாவது சொல்லி இவனை நிறுத்திடணும். பஸ் வர்ற சத்தம் வேற கேக்க ஆரம்பிச்சுடுச்சு. அவசரத்துல, மனசார, ஆசையா ஒண்ணு சொன்னாரு.

"சரிடா, நீதான் ராஜா! போதுமா? நான் உன் படைத்தலைவன். உன்னை ராஜாவாவே ஆக்கிட்டேன்."

மருதம் அவரை நேராப் பாத்தாரு.

"அந்த ராஜா பட்டத்தையும் குடுக்கறது நீங்கதானாண்ணே?"

பஸ் வந்து நின்னுது.

"ஏறுறீங்களா, பேசிட்டே நிக்கறீங்களா?"ன்னு கத்தினாரு கண்டக்டர்.

மருதம் படியில கால் வச்சாரு. திரும்பினாரு. கூப்பிட்டா வந்துடுவான்னு புன்னைக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு.

"எண்ணெய்க் கிண்ணம் ஜன்னல் மாடத்துல இருக்குண்ணே. குளிர்ல உறைஞ்சிருக்கும். சூடு பண்ணித் தேச்சுக்கோங்க."

பஸ் போயிடுச்சு. புழுதி அடங்கற வரைக்கும் புன்னை அங்கயே நின்னாரு.

திரும்பி வந்தப்ப பந்தி அப்படியே உக்காந்திருந்துச்சு. தேக்கு தலையைக் குனிஞ்சுட்டிருந்தாரு. நாவலக்கா கண்ணைத் தொடைக்கவும் முடியாம, எச்சில் கையை மடியில படாமத் தூக்கிப் புடிச்சுட்டிருந்தாங்க. மருதத்தோட இலையில சோறு விரைச்சுப் போயிருந்துச்சு. ஓரமா எறும்பு ஏற ஆரம்பிச்சிருந்துச்சு.

"வந்தாரா?"ன்னாங்க குரு.

"இல்லம்மா."

புன்னை அந்த இலை முன்னாடியே நின்னாரு. தன்னோட எடத்துல போயி உக்காரவும் அவருக்குக் கால் வரல.

"அம்மா, நான் கெட்டவன் இல்லம்மா. அவனைக் கூடப் பொறந்தவனாத்தான் நெனச்சேன். அந்தக் காலத்துல நான் இருந்திருந்தா, இந்த அநியாயத்தையெல்லாம் எதிர்த்து நின்னிருப்பேன்மா. முதல் ஆளா நின்னிருப்பேன்."

குரு நிமிர்ந்து பாத்தாங்க.

"நீங்களே சொல்லுங்கம்மா. படைத்தலைவர் எல்லாம் வேணாம், அது சும்மா. நெஜமாவே அந்தக் காலத்துல நான் என்ன வேலை பாத்திருப்பேன்?"

குரு, மருதத்தோட இலையைக் காட்டினாங்க.

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இன்னிக்கு மத்தியானம் பாத்தீங்களே, அதே வேலைதான்."