சுண்ணாம்புக்கு அடியில் முட்டை

மேலதிகாரி ஞானவடிவேலு ஜீப்பை விட்டு இறங்கினாலே மாணவர் விடுதிச் சமையல்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் பதுங்குவார்கள். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேருக்கு வேலை போயிருந்தது. மூன்றாவது ஆள் தான்தான் என்று குருவம்மாளுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பிள்ளைகள் தட்டில் மஞ்சள் கரு எப்படி வந்தது?"

அவர் காட்டிய சமையல்கூடச் சுவரில், அவர் பெயரோடு கொட்டை எழுத்தில் இருந்தது: 'மஞ்சள் கரு கொழுப்பு. நீக்கிவிட்டுக் கொடுக்கவும்.'

"பிள்ளைக எலும்பும் தோலுமா இருக்குதுங்க ஐயா. தூக்கிப் போட மனசு வரல."

"கொடுக்கச் சொல்லி என் பெயர் போட்ட உத்தரவு இருக்கிறதா? இப்போதே காட்டு. இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுக் கிளம்பு!"

குருவம்மாள் கையிலிருந்த கரண்டியோடு சுவரண்டை போனாள். உத்தரவு மாறும்போதெல்லாம் பழைய எழுத்தின் மேல் வெள்ளையடித்துப் புதிதாக எழுதுவதுதான் அங்கே வழக்கம். அடுப்பு ஆவியில் ஊறிய சுண்ணாம்பு, சுரண்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

'தினம் ஒரு முழு முட்டை, மஞ்சள் கருவோடு.' கீழே அதே பெயர், ஞானவடிவேலு.

அவர் தன் பெயரைக் கையால் மறைத்தார். "அது அப்போது சொன்னது!"

"அதுக்கும் அடியில ஒண்ணு இருக்குதுங்க. சுரண்டட்டுங்களா?"

"வேண்டாம்! உடனே வெள்ளையடிக்கச் சொல்கிறேன்!"

"சரிங்க ஐயா," என்றாள் குருவம்மாள். "லேசா அடிக்கச் சொல்லுங்க. அடுத்த வாட்டி சுரண்டச் சுலபமா இருக்கும்."